காலிப் பெட்டி முதலில்

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு காப்பிங் பென்சில் இருக்கும். அதைக் கொண்டு அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கோடு மட்டும் போடுவார். அந்தப் பென்சில் கோடு காய்ந்திருக்கும் வரை சாம்பல் நிறத்தில் கிடக்கும். துளி ஈரம் பட்டாலும் ஊதாவாக விரிந்துவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு மடித்து, ஒழுகும் என்று சந்தேகப்படுகிற எதற்குள்ளும் வைத்துவிடுவார். நான் அவருக்கு அடுத்த வீட்டுக்குக் குடிவந்த மழைக்காலத்தில், என் அரிசி டின்னுக்குள் ஒரு காகிதத்தைப் போட்டு மூடிவிட்டுப் போனார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. மறுநாள் வந்து எடுத்துப் பார்த்தார்.

"நெறம் மாறல கண்ணு. இனி அரிசியக் கொட்டு" என்றார்.

அதுதான் நாங்கள் பேசிய முதல் பேச்சு.

அவர் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்று அவரும் உயிரோடு இல்லை, அவர் மனைவியான அக்காவும் இல்லை. திருப்பூரில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பம்புக்காரர். சுற்று வட்டாரத் தோட்டங்களில் ஓடிய பம்புசெட்டுகளில் பாதி அவர் கைபட்டவை. நான் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷினில் நின்றேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் நடுவே பேச வேண்டியிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது அவருக்குப் பிடித்திருந்தது.

"வாய் கம்மியா இருக்கறவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்பார். அதை நம்பித்தான் என்னை எங்கும் கூட்டிப்போனார்.

ஒழுகுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். பாய்லர் குழாயில் சொட்டு விழும். பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்ப்பார். பிறகு எழுந்து போய்த் தன் பையில் இருந்து ஒரு வாசரை எடுத்து மாற்றிவிட்டு வந்து உட்கார்வார். கடைக்காரர் கேலி பேசுவார்.

"ஏனுங்க பம்புக்காரரே, எங்கூட்டுக்காரி வாய்க்கு ஒரு வாசர் போட்டுக் குடுங்களே."

"போடறனுங்க. மொதல்ல உள்ள எவ்வளவு பிரஷர் இருக்குதுன்னு பாக்கோணும். நீங்க குடுக்கற பிரஷர் தானுங்களே அது."

கடையே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதையும் முதலில் வெறுமையாக அனுப்பிப் பார்ப்பார். புதுக் கயிறு என்றால் ஆள் இறங்கும் முன் கல்லைக் கட்டி இறக்குவார். புதுக் குடம் என்றால் ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். கிணற்றுப் படியில் இறங்கும்போது கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு தடவை கீழே வரை போய்வந்து, அதற்குப் பிறகுதான் சாமானைத் தூக்குவார். "காலிப் பொட்டி மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே செய்வார். அவர் மகளும் அப்படியே இருந்தாள். சோறு போட்டுத் தரும் முன் தூக்குப் போசியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பாள். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "அப்பனுக்கு ஒரு பைத்தியம் போதாதுன்னு இதொண்ணு."

ஒரே மகள். அவளுக்கு மூலனூர்ப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, தை மாதத்தில் கல்யாணம் என்று அவர் பேசி முடித்திருந்தார். கார்த்திகையில் அவள் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள்.

நெருப்பெரிச்சல் போகிற வழியில் ஒரு கவுண்டரின் தோட்டம். அந்தக் கிணற்றுப் பம்பும் அவர் பராமரிப்புதான். குடிதண்ணீருக்கு எங்கள் தெருப் பெண்கள் அங்கே போவார்கள். அன்று கரண்ட் இல்லை. பம்பு ஓடாத நாளில் படி இறங்கித்தான் மொள்ள வேண்டும். சுவரில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள்தான் படி. அவள் குடம் கிணற்று மேட்டிலேயே இருந்தது. அவள் உள்ளே கிடந்தாள்.

குடம் மேலே இருந்ததால் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் மொள்ளப் போனவள் குடத்தோடு அல்லவா இறங்கியிருப்பாள்? கல்யாணம் பிடிக்கவில்லை, குதித்துவிட்டாள் என்று பேசினார்கள். அவர் காதுபட யாரும் பேசவில்லை. ஆனால் அவர் டீக்கடைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

மகளைக் கொண்டுவந்து வீட்டில் கிடத்திய அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் கூடத்தில் சுவரோடு சாய்ந்து நின்றார். வாசலில் எங்கள் வீடுகளுக்கெல்லாம் பொதுவான குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. யார் யாரோ கைகால் கழுவிவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருக்க வேண்டும். அவர் வெளியே வந்தார். குழாயைத் திருகிப் பார்த்தார். நிற்கவில்லை. உள்ளே போய் ஸ்பானரை எடுத்து வந்து, குழாயைக் கழற்றி, வாசரை மாற்றி, திரும்பப் பூட்டினார். கைக்குட்டையை அடியில் பிடித்துப் பார்த்தார். சொட்டவில்லை என்று தெரிந்த பிறகு உள்ளே போனார். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை.

அவர் ஊர் பேசியதை ஏற்கவில்லை. கிணற்றுச் சுவரில் ஒரு படி இல்லாமல் இருந்தது. பலகை முறிந்து விழுந்த இடம். அதைப் பிடித்துக்கொண்டார்.

"காலிப் பொட்டி மொதல்ல, கண்ணு. குடத்த மேல வெச்சுட்டு வெறுங்கையோட எறங்கிப் பாத்திருக்கா. எம் மக வேற எப்படி எறங்குவா? பலகை முறிஞ்சிருச்சு. கல்யாணம் வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாளா?"

தோட்டத்துக் கவுண்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தப் படி எங்கப்பன் காலத்துலயே போனதுங்க. உங்க வருத்தம் எனக்குத் தெரியுது. அதுக்காக எங்கெணத்து மேல பழி போடாதீங்க" என்றார்.

உடலை எடுக்க மூழ்கியவர் அடியில் கல் தட்டுப்பட்டதாகச் சொன்னார். கிணற்றடியில் கல் இல்லாமல் இருக்குமா? அடியில் இருட்டு. கைக்குத் தெரிந்ததே தவிரக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கல்லின் முறிந்த முகம். பழையதாக இருந்தால் கறுத்துச் சேறு மூடியிருக்கும். புதியதாக இருந்தால் வெள்ளையாக, சேற்றுக்கு மேலே கிடக்கும். அந்தக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. இறைத்துப் பார்க்கவும் வழியில்லை. வெள்ளை முகம் தெரிந்தால் மகள் படி முறிந்து விழுந்தவள். தெரியாவிட்டால், அவர் பேசி முடித்த கல்யாணத்துக்குப் பயந்து குதித்தவள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் அந்த மார்கழியும் தையும் மாசியும் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் கேமராவைக் கிணற்றுக்குள் இறக்குவது என்று முடிவு செய்தார்.

போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் ஒரு பழைய பெட்டிக் கேமராவைக் கேட்கப் போனோம். அவர் சிரித்துவிட்டார்.

"தண்ணிக்குள்ளயா? மீனுங்களுக்குக் குடும்பப் போட்டோ எடுக்கப் போறீங்களா?"

இவர் முகத்தைப் பார்த்ததும் எதற்காக என்று ஸ்டுடியோக்காரருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முகம் மாறி, கேமராவைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "திருப்பித் தராட்டியும் பரவாயில்லீங்க" என்றார்.

பெட்டிக்கு ஒரு பழைய பம்பின் இரும்பு உறையை எடுத்தார். அதன் கனத்துக்குத் தானாகவே மூழ்கும். அடிப்பக்கம் கேமரா பார்ப்பதற்குத் தடித்த கண்ணாடி. மேலே போல்ட்டு போட்டு முடுக்கும் மூடி. பக்கவாட்டில் ஒரு மெல்லிய கம்பி. மேலே இருந்து கயிற்றை இழுத்தால் அந்தக் கம்பி உள்ளே கேமராவின் விசையைத் தட்டும். தண்ணீர் நுழையக்கூடிய இடங்கள் இந்த மூன்றுதான். கம்பி நுழைகிற துளை அவருக்கு எளிது. பம்பின் தண்டு வெளியே வருகிற வாயை நூல்கயிறு சுற்றி அடைப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. கண்ணாடியும் இரண்டு மூன்று தடவை தோற்ற பிறகு சரியாக உட்கார்ந்தது. மூடிதான் பாடாய்ப் படுத்தியது. லாரி டியூபில் வெட்டிய ரப்பரைப் போட்டுப் பார்த்தார். உள்ளே காகிதம் வைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி எடுத்தால் கோடு ஊதாவாகியிருந்தது. மூடியில் வட்டப் பள்ளமாக ஒரு காடி வெட்டி, அதில் உருண்டை ரப்பர் வளையத்தை உட்கார வைத்தார். அப்போதும் ஊதா.

ஒருநாள் வளையத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பஞ்சு இழை.

"இதப் பாத்தியா? இந்த ஒரு மயிரு போதும். திரி எண்ணெய இழுக்கற மாதிரி தண்ணிய உள்ள இழுத்துரும்."

தவறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் பனியன் வேஸ்ட்தான். மிஷின், சைக்கிள், கை, முகம் எல்லாம் அதில்தான். அவரும் ஒவ்வொரு தடவையும் மூடும் முன் வளையத்தைப் பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்து இழையை வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு விரல் நுனியால் மட்டும் தடவுவார். வாசலின் ஒரு பகுதியில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். கம்பெனியில் இருந்து வரும் என்னைக் கிட்டேயே சேர்க்கமாட்டார். "ஒம் புருவத்துல பாரு, அரைப் பனியனுக்குப் பஞ்சு இருக்குது. போய்க் குளிச்சுட்டு வா" என்பார்.

வாசெலினையும் தொட்டும் தொடாமலும்தான் பூசுவார். "தண்ணிய நிறுத்தறது ரப்பருதான். இது ரப்பரு வழுக்கறதுக்கு. அள்ளி அப்பினா ஊருத் தூசியெல்லாம் வந்து ஒட்டிக்கும்."

பங்குனிக் கடைசியில் காலிப் பெட்டியைக் கிணற்றில் இறக்கினோம். உள்ளே காப்பிங் பென்சில் கோடு போட்ட காகிதம் மட்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் இறக்கியதும் கயிற்றை நிறுத்தச் சொல்லி, குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"மேலாப்புலதான் பயம் கண்ணு. ஆழத்துக்குப் போனா தண்ணியே மூடிய அமுக்கிப் புடிச்சுக்கும்."

அடி வரை போய் மேலே வந்தது. காகிதத்தை எடுத்தார். கோடு சாம்பலாகவே இருந்தது. கவுண்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தூர நின்று பார்த்தார். இவர் அந்தக் காகிதத்தை அவரிடமும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

எங்கள் பக்கத்தில் சித்திரையில் சில நாட்கள்தான் உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். அப்போதுதான் கிணற்றின் அடி வரை வெளிச்சம் இறங்கும். அதை விட்டால் ஆவணியில்தான் மறுபடி வரும். "ஆவணி ஆனாலும் தப்பில்ல, அடியில இருட்டு, பாசி லேசுல புடிக்காது" என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். ஆனாலும் சித்திரையைத் தவறவிட அவருக்கு மனமில்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் வளையத்தைக் காடியில் உட்கார வைத்து, விரலால் தடவிப் பார்த்து, அதன் மேல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வீட்டுக்குள் வைத்தார். ஸ்டுடியோவுக்குப் போய்ப் பிலிம் போட்ட கேமராவை வாங்கி வந்தோம். திரும்பி வந்ததும் தட்டை எடுத்தார், கேமராவை உள்ளே வைத்தார், மூடியைப் போட்டு எதிரெதிர் போல்ட்டாக முடுக்கினார். வளையத்தை மறுபடி தடவிப் பார்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். இன்னொன்று, அது அவர் வீட்டுக்குள், அவர் மூடி வைத்துவிட்டுப் போன தட்டுக்கு அடியில் இருந்தது. அவர் சோதித்துப் பார்க்காமல் நம்பியதாக நான் கண்டது அது ஒன்றுதான்.

அக்கா அடுப்பங்கரை நிலையில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியில் இருந்து மூட்டையாக வாங்கிவந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டித் தரும் வேலை. நாங்கள் கிளம்பும்போது தலை நிமிர்ந்து, "சாப்புட்டுப் போலாமுங்களே" என்றார். "வந்து சாப்புடறோம்" என்றார் அவர்.

கயிற்றை நான் பிடித்தேன். கொஞ்சம் இறங்கியதும் அவர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். தண்ணீரில் ஒரு குமிழி வந்து உடைந்தது. பெட்டியோடு ஒட்டிவந்த காற்றாக இருக்கும் என்று காத்திருந்தோம். இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்தன.

"இழு."

மேலே கொண்டுவந்து போல்ட்டைக் கழற்றினார். பெட்டி நிறையத் தண்ணீர். கேமரா அதில் மூழ்கிக் கிடந்தது. அவர் கேமராவைத் தொடவில்லை. மூடியைத் திருப்பி வளையத்தைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்.

ரப்பரின் குறுக்கே ஒரு வெள்ளை நூல். பறந்து வந்த பஞ்சு அல்ல. பஞ்சு சுருண்டு விழும். இது முறுக்கேறிய தையல் நூல். நேராக, காடியின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு, துணிக்கொடி கட்டியதுபோல் கிடந்தது. இரண்டு முனையும் கத்தரியால் வெட்டியவை. நூலோடு பிழைக்கிறவன் நான். எனக்கு அது தெரியாமல் போகாது. அவருக்கும் தெரிந்தது.

அவர் நூலை எடுத்து விரலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கி அடித்தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. அந்த வெளிச்சம் சுவரில் ஏறிப் போகும் வரை அவர் அசையவில்லை.

கவுண்டர் வந்து, "என்னாச்சுங்க?" என்றார்.

"பஞ்சுத் தூசிங்க. நம்மூர்ல வேறென்ன இருக்குது" என்று எழுந்தார். நூலைச் சட்டைப் பையில், பென்சிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சோறு போட்டார். பெட்டியில் இருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, "படம் வருமுங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி பூந்துருச்சு."

"எங்கிருந்துங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தெரியல" என்றார்.

எந்தச் சொட்டும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விடாத மனிதர் அவர். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று சாயந்திரம் கயிற்றைக் கொண்டுபோய் வைக்கப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அக்கா கத்தரியில் இருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"தம்பி, எங்க ஒழுகுச்சுன்னு உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

"இல்லீங்கக்கா."

கொஞ்ச நேரம் பிசிறு வெட்டினார். பிறகு சொன்னார்.

"அன்னிக்குக் காத்தால அவ எங்கிட்ட அழுதா. மூலனூரு வேண்டாம்மா, அப்பாகிட்டச் சொல்லுன்னா. சாயந்தரம் சொல்றேன்டின்னு தண்ணிக்கு அனுப்பி வெச்சேன். அடியில என்ன கெடக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க தம்பி. அவுருக்குத் தெரிய வேண்டாம். கல்லுதான் முறிஞ்சுதுன்னு இருந்துட்டுப் போகட்டும்."

கயிற்றை மூலையில் வைத்தேன். பம்புக்காரர் பையில் இருக்கும் நூலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

அதற்குப் பிறகு முறிந்த பலகையைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. அதுவரை தெருவில் கிடைத்தவரையெல்லாம் நிறுத்தி, குடம் ஏன் மேலே இருந்தது என்று விளக்கியவர். டீக்கடையில் பாய்லர் குழாய் சொட்டினால் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார். பம்பு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அக்காவிடம் முன்னைவிட அதிகமாகப் பேசினார். பனியன் மூட்டையை அவரே கம்பெனியில் இருந்து தூக்கிவந்து போடுவார்.

ஆவணி வந்தது. ஒரு மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். வாசலில் என் நிழல் காலடியிலேயே கிடந்தது. அவர் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரும்புப் பெட்டி நடைக்குள் இருந்தது. அக்கா அதில் கொள்ளு போட்டு வைத்திருந்தார்.

"அண்ணா, சூரியன் நேரா வந்துருச்சுங்க" என்றேன்.

உள்ளே கத்தரிச் சத்தம் நின்றது.

அவர் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு, என்னிடம் பேச வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"இந்நேரம் பாசி மூடியிருக்கும் கண்ணு. படம் எடுத்தாலும் ஒண்ணுந் தெரியாது."

கொஞ்சம் பொறுத்து, கத்தரிச் சத்தம் மறுபடி கேட்டது.